டி.ஓ. பட்டம் பெற்றவர் முழு மருத்துவரா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மிச்சிகனில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு 68 வயது. ஒரு மாதமாகக் கழுத்துவலி, இடப்பக்கம் திரும்ப முடியவில்லை. குடும்ப மருத்துவரிடம் காட்டினோம். அவர் பெயருக்குப் பின்னால் எம்.டி. இல்லை, டி.ஓ. என்றிருக்கிறது. மாத்திரை எழுதித் தந்தவர், அடுத்த முறை கையாலும் சரிசெய்து பார்க்கலாம் என்றார். ஊரில் மாமாவிடம் சொன்னால், "அங்கேயும் புத்தூர் கட்டா? ஒழுங்கான டாக்டராகப் பாருங்கள்" என்கிறார். இவர் முழு மருத்துவர்தானா? அமெரிக்காவில் ஏன் இப்படி இரண்டு பட்டங்கள்? கழுத்தை நம்பிக் கொடுக்கலாமா?

– மிச்சிகனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் முழு மருத்துவர்தான். டி.ஓ. என்பது ஆஸ்டியோபதி என்ற மருத்துவ மரபில் தரும் பட்டம். அங்கே எம்.டி. என்பதும் நம் ஊர் எம்.பி.பி.எஸ். போல அடிப்படை மருத்துவப் பட்டம்தான். டி.ஓ. படித்தவரும் மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், எந்தச் சிறப்புத் துறைக்கும் போகலாம். இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிப்பவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் டி.ஓ. கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். ஆனால் உங்கள் மாமாவின் சந்தேகம் வெறும் அறியாமை அல்ல. இந்த மருத்துவத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், 1880களில் மிசௌரியின் சிற்றூர்களில் தன்னை 'மின்னல்வேக எலும்பு வைத்தியர்' என்றுதான் விளம்பரம் செய்துகொண்டார்.

ஸ்டில் 1828இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். தந்தை மெதடிஸ்ட் போதகர், வைத்தியமும் பார்த்தவர். அவரிடமே தொழில் பழகினார். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோனது. வந்து பார்த்த மருத்துவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றைய மருத்துவத்தின் முதன்மை மருந்துகளில் ஒன்று கலோமெல், அதாவது பாதரச உப்பு. எச்சில் ஒழுகத் தொடங்கினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தார்கள். உண்மையில் அது பாதரச நஞ்சேறியதன் அடையாளம். ஈறு புண்ணாகும், பல் ஆடி விழும். இதோடு ரத்தத்தை வேறு வடிப்பார்கள். மருந்தே வேண்டாம் என்று ஸ்டில் முடிவெடுத்ததை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1874இல் அதை வெளிப்படையாக அறிவித்தார்.

மருந்தை விலக்கியதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதற்குப் பதிலாக அவர் வைத்த கோட்பாடுதான் தவறு. எலும்பு, குறிப்பாக முதுகெலும்பு, இடம் பிசகினால் ரத்த ஓட்டமும் நரம்பும் தடைபடும், நோய்கள் அதிலிருந்தே வரும், கையால் சரிசெய்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்றார். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும்கூட இதே விளக்கம்தான். நுண்கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டுக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் இதைச் சொன்னார். ஆனாலும் கூட்டம் வந்தது. 1892இல் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் கல்லூரி தொடங்கி, முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார். எடின்பரோவில் படித்த வில்லியம் ஸ்மித் உடற்கூறு நடத்தினார். எம்.டி. பட்டமே கொடுக்கும் உரிமை பின்னர் கிடைத்தும், ஸ்டில் டி.ஓ.வையே வைத்துக்கொண்டார். இரண்டு பட்டங்கள் உண்டானது இப்படித்தான். 1896இல் வெர்மான்ட் முதலில் சட்ட அங்கீகாரம் தந்தது, அடுத்த ஆண்டு மிசௌரி.

1910இல் மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை, அன்றிருந்த எட்டு ஆஸ்டியோபதிக் கல்லூரிகளையும் கடுமையாகச் சாடியது. எம்.டி. கல்லூரிகள் பலவும் அதே அடி வாங்கின. ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் மெல்ல மெல்லத் திருந்தின. ஆய்வகம் வந்தது, மருத்துவமனைப் பயிற்சி வந்தது. ஸ்டில் 1917இல் இறந்தபின், 1920களின் இறுதிக்குள் மருந்தியலும் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. டி.ஓ. இன்று முழு மருத்துவராக இருப்பதற்குக் காரணம் ஸ்டிலின் கோட்பாடு மெய்யானது அல்ல. அவருடைய மாணவர்கள் அதைச் சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிட்டு நல்ல மருத்துவத்தைக் கற்றுக்கொண்டார்கள். இதைத் துரோகம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை நேர்மை என்றே சொல்வேன்.

இந்த வரலாற்றில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தியாயம் கலிபோர்னியா. டி.ஓ.க்களை 'போலிச் சமயக் குழு' போல நடத்திவந்த எம்.டி. சங்கம், 1961இல் அங்கே ஓர் ஒப்பந்தம் போட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி எம்.டி. கல்லூரியானது. உரிமம் பெற்ற டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டி, சிறு கருத்தரங்கு ஒன்றில் உட்கார்ந்தால் போதும், எம்.டி. பட்டம் கையில். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பல மாநிலங்கள் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். 1962 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, இனிப் புதிய டி.ஓ.க்களுக்கு உரிமமே கிடையாது என்று கதவையும் சாத்தினார்கள்.

எதிர்த்தரப்பு எண்ணிப் பார்க்காதது ஒன்றுண்டு. 65 டாலரில் ஒருவர் எம்.டி. ஆகிவிட முடியுமானால், அவருடைய படிப்பு ஏற்கெனவே அந்தத் தரத்தில் இருந்தது என்றுதானே பொருள்? டி.ஓ.க்கள் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அவர்களைச் சேர்க்க மறுத்த ராணுவ மருத்துவப் பிரிவு 1966இல் இடம் கொடுத்தது. 1969இல் உங்கள் மிச்சிகனில் தொடங்கிய கல்லூரிதான் பின்னர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரி ஆனது. 1973இல் மிசிசிப்பியும் இறங்கிவந்தபோது, ஐம்பது மாநிலங்களில் கலிபோர்னியாவில் மட்டுமே புதிய டி.ஓ.க்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. அதையும் 1974இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் திறந்தது. 2020 முதல் எம்.டி., டி.ஓ. இரு தரப்புக்கும் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி, ஒரே அங்கீகாரத்தின் கீழ் நடக்கிறது. வித்தியாசம் என்று மிஞ்சுவது, டி.ஓ. மாணவர்கள் கூடுதலாகப் படிக்கும் ஏறத்தாழ 200 மணி நேரக் கைச்சிகிச்சை.

அந்தக் கைச்சிகிச்சையில் எல்லாம் ஒரே தரம் அல்ல. மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணசைவை விரலால் உணரலாம் என்று ஸ்டிலின் கல்லூரியில் படித்த சதர்லாண்ட் தொடங்கிவைத்த முறையில், ஒரே நோயாளியைத் தொட்ட இரண்டு சிகிச்சையாளர்கள் ஒரே அளவைச் சொல்வதில்லை. அதைப் பாடத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும். முதுகுவலிக்குச் செய்வது வேறு. 1999இல் வந்த ஓர் ஆய்வில், 12 வாரத்தில் கைச்சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஒரே அளவில் தேறினார்கள். கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. அதிசயம் இல்லை, ஆனால் பயனுள்ளது.

அம்மாவுக்கு எந்த முறையைச் செய்யப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். தசையாற்றல் முறை என்றால் மென்மையானது. மல்லாக்கப் படுக்கவைத்து, திரும்ப மறுக்கும் பக்கமாகத் தலையை மெல்லத் திருப்பி, முதல் தடை தட்டும் இடத்தில் நிறுத்துவார். அம்மா மறுபக்கம் திரும்ப முயல வேண்டும், மருத்துவரின் கை தடுக்கும். 3 முதல் 5 விநாடி. பிறகு முழுதாகத் தளர்ந்ததும் தலையை அடுத்த தடைவரை கொண்டுபோவார். இப்படி மூன்று முதல் ஐந்து முறை. இதில் பலர் செய்யும் தவறு முழு பலத்தோடு தள்ளுவது. அப்படித் தள்ளினால் பெரிய தசைகளெல்லாம் சேர்ந்து இறுகி, தளர வேண்டிய சிறு தசை தளராமலே போகும். "லேசாகத் தள்ளும்மா" என்று நீங்களே பக்கத்தில் நின்று தமிழில் சொல்லுங்கள்.

கழுத்தைச் சடக்கென்று வெட்டித் திருப்பும் முறையை 68 வயதில் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அரிதாக, மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. முடக்குவாதம், எலும்புத் தேய்மானம், முன்பு வந்த புற்றுநோய், ரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மாத்திரை, கையில் மரப்பு, நடையில் தள்ளாட்டம் – இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குப் பிறகு திடீரென்று இதுவரை இல்லாத தலைவலி, கழுத்துவலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நிலைதடுமாற்றம் வந்தால் மறுநாள்வரை பார்க்க வேண்டாம், உடனே 911.

மாமாவுக்கு: மிச்சிகனில் டி.ஓ.க்களுக்கென்று தனி உரிம வாரியம் இருக்கிறது. மருத்துவரின் பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று மாநில இணையதளத்திலேயே தெரியும். ஆனால் லண்டனில் உங்கள் உறவினர் யாராவது ஆஸ்டியோபத்திடம் போவதாகச் சொன்னால் இதே பதில் பொருந்தாது. ஸ்டிலிடம் படித்த லிட்டில்ஜான் 1917இல் அங்கே தொடங்கிய மரபு, கைச்சிகிச்சையோடு நின்றுவிட்டது. 1993 சட்டப்படி அவர்கள் பதிவுபெற்ற சிகிச்சையாளர்கள்தான், மருத்துவர்கள் அல்லர். மருந்து எழுத முடியாது.