கேள்வி பதில்: ஊக்கு குத்திய ஜாக்கெட்டும் காலர் வரை தலைமுடியும்

கே: 16 வயது மகன் நல்ல ஜீன்ஸ் ஜாக்கெட்டின் கைகளை வெட்டிவிட்டான். ஊக்கு குத்துகிறான், மண்டையோடு போட்ட துணித்துண்டுகளை வைத்துத் தைக்கிறான். கேட்டால், “மெட்டல்மா, உங்களுக்குப் புரியாது” என்கிறான். தடம் மாறுகிறானோ என்று பயமாக இருக்கிறது. (ஈசூன் வாசகி)

ப: அவன் தைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. தானே உட்கார்ந்து ஊசி கோக்கும் பிள்ளை இந்த விஷயத்தில் ஆழமாகத்தான் இறங்கியிருக்கிறான்.

ஊக்கு 1976 வாக்கில் லண்டனில் ‘பங்க்’ என்ற முரட்டு ராக் இசையைக் கொண்டாடிய இளைஞர்களிடமிருந்து வந்தது. வேலை கிடைக்காத காலம். குழந்தையின் அணையாடையில் குத்தும் மலிவுப் பொருளை நகையாக மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். கையில்லாத ஜாக்கெட்டின் வழி வேறு. அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்க மோட்டார்சைக்கிள் குழுக்களின் உடை. மெட்டல் என்னும் கனத்த ராக் இசையின் ரசிகர்கள் குழுச் சின்னம் இருந்த இடத்தில் இசைக்குழுவின் பெயரைத் தைத்துக்கொண்டார்கள். மண்டையோட்டைப் பார்த்துச் சாமி இல்லாத கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ‘ருத்ரா’ குழு சமஸ்கிருத சுலோகங்களை வைத்தே ‘டெத் மெட்டல்’ என்ற உறுமல் குரல் மெட்டலைப் பாடுகிறது.

ஒரு வழக்கம் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டே கேட்காமல் அந்தக் குழுவின் பெயரைச் சட்டையில் போட்டவனை அவர்கள் ‘போசர்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். நம் பிள்ளைகள் ‘சும்மா சீன் போடுறான்’ என்பார்களே, அதேதான். காசு கொடுத்து வாங்கியதில் கெத்து இல்லை என்பது அவர்கள் கணக்கு.

தைக்கத்தான் போகிறான் என்றால் ஒழுங்காகத் தைக்கட்டும். முதலில் ஜாக்கெட்டை ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும். பிறகு சுருங்கினால் துண்டெல்லாம் சுருக்கம் விழுந்து நிற்கும். இஸ்திரி போட்டு ஒட்டும் பசையை மட்டும் நம்பக்கூடாது, சில துவையலில் விளிம்பு கிளம்பிவிடும். கனத்த துணிக்கான கை ஊசி, மெழுகு பூசிய பல் இடுக்கு நூல் (டென்டல் ஃபிளாஸ்), 3 மில்லிமீட்டர் தையல். சாதாரண நூலைவிட அது எளிதில் அறாது. மார்புப் பக்கம் தைக்கும்போது பைக்குள் ஒரு அட்டையைச் செருகவேண்டும், இல்லாவிட்டால் பையும் சேர்ந்து தைபட்டுவிடும். எல்லோரும் ஒருமுறை செய்யும் தவறு இது. அலங்காரத்துக்குக் குத்தும் உலோகக் குமிழ்களின் கால்களை உள்பக்கம் முழுதாக மடக்காவிட்டால் தோலைக் கீறும். அதன்பின் கையால்தான் துவைக்க வேண்டும்.

ஊக்கைக் காதில் குத்த மட்டும் விடாதீர்கள். அதன் பூச்சில் பெரும்பாலும் நிக்கல் இருக்கும், புண் ஆறாது. காது மடல் ஆற 6 முதல் 8 வாரம், மேல் குருத்தெலும்புக்கு 6 மாதத்துக்கும் மேல். உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டேனியம் தோடு கேளுங்கள்.

பயப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு: பெயர் சொல்லாத ‘அண்ணன்’, கணக்குச் சொல்லாத பணம், அழைத்தால் உடனே ஓடியாக வேண்டிய கட்டாயம். அது ரகசியக் கும்பலின் வாடை. ஜாக்கெட்டோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கே: நீளமுடி வைத்திருந்ததால் அந்தக் காலத்தில் அரசாங்க அலுவலகத்தில் கடைசியாகத்தான் கவனித்தார்களாம். மாமனார் சொல்வது உண்மையா? (தோ பாயோ)

ப: முழு உண்மை. 1970களில் ‘நீளமுடி ஆண்கள் கடைசியாகவே கவனிக்கப்படுவர்’ என்ற சுவரொட்டி அலுவலகங்களில் தொங்கியது. அளவும் படம் போட்டுக் காட்டினார்கள்: நெற்றியில் புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, சட்டைக் காலருக்குக் கீழே இறங்கக்கூடாது. 1972இல் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் ஸெப்பலினின் நிகழ்ச்சியே நீளமுடியால் இங்கே நடக்காமல் போனது. நீளமுடி என்றால் ஹிப்பி, ஹிப்பி என்றால் போதைப்பொருள் என்ற அச்சம் அப்போது. அதற்கு முன்பே, 1959இல், ஒழுக்கத்தைக் கெடுக்கும் ‘மஞ்சள் கலாசாரம்’ என்று ஜூக்பாக்ஸை, அதாவது காசு போட்டால் பாடும் பெட்டியை, விரட்டியிருந்தார்கள்.

எங்கள் கருத்து இது: அதுவரை அது வெறும் முடி. யாரோ அளவு குறித்த பிறகுதான் அது எதிர்ப்பாயிற்று. இன்றும் பல பள்ளிகளின் விதியில் இருப்பது அதே நெற்றி, காது, காலர். முடி மாதத்துக்குச் சுமார் 1.25 சென்டிமீட்டர் வளரும். புருவத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டிய பையனுக்கு சுமார் மூன்றரை வாரம்தான் தவணை.

கே: ஸ்பிரே பெயின்டால் எழுதிப் பழக ஆசை. வாய்ட் டெக் (அடுக்குமாடி வீடுகளின் திறந்த கீழ்த்தளம்) சுவரில் சின்னதாக முயன்றால்? (பொங்கோல், 19 வயது)

ப: வேண்டாம் தம்பி. 1966ஆம் ஆண்டின் நாசவேலைச் சட்டத்தில் 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, கூடவே 3 முதல் 8 பிரம்படி. அழியாத சாயம் என்றால் முதல் குற்றத்துக்கே பிரம்படி உண்டு. 1994இல் 18 வயது அமெரிக்க இளைஞன் ஒருவன் 4 அடி வாங்கியதை உலகமே பேசியது. நண்பன் வீட்டுச் சுவர் என்றாலும் உரிமையாளரின் ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு போதாது.

ஒட்டுப்பலகை வாங்கு. மணல்தாளால் தேய்த்து, வெள்ளைப் பிரைமர் இரண்டு பூச்சு. 400 மில்லி டப்பாவை 2 நிமிடம் குலுக்கு. 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, தோளிலிருந்து கையை வீசு. மணிக்கட்டால் எழுதினால் கோடு நடுங்கும், கிட்டப் பிடித்தாலும் மெதுவாக நகர்ந்தாலும் வண்ணம் வழியும். முடித்ததும் டப்பாவைத் தலைகீழாக்கி வெறும் காற்று வரும்வரை அழுத்தினால் முனை அடைக்காது. மழை பெய்த கையோடு அடிக்காதே, ஈரக்காற்றில் பளபளப்பு மங்கி வெள்ளை படரும். துணி முகக்கவசமும் என்95உம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவியை வடிகட்டும் குப்பி பொருத்திய கவசம்தான் தேவை.

கே: கிழிந்த ஜீன்ஸைப் பேரங்காடியிலேயே விற்கிறார்கள். இதில் என்ன கலகம்? (ஜூரோங்)

ப: கலகம் கடைக்குப் போய்த்தான் கெட்டது என்பது பாதிதான் சரி. பங்க் உடையே லண்டன் கிங்ஸ் ரோட்டில் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய கடையிலிருந்து பரவியதுதான். ஆனால் விலைக்குக் கிடைக்காத கிழிசலும் உண்டு. ஸ்கேட்போர்டு ஓட்டும் பிள்ளையின் காலணியைப் பாருங்கள்: பலகையோடு எம்பும்போது முன்கால் அதன் சொரசொரப்புத் தாளில் உரசும். அதனால் முன்னே வைக்கும் காலில் மட்டும், சுண்டுவிரல் பக்கம் ஓட்டை விழுந்திருக்கும்.