தேரி மணலில் புதையும் பிக்கப்: ஃபோர் வீல் ஆக்கினால் தீருமா?

திசையன்விளைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 2009 மாடல் பொலேரோ கேம்பர் இருக்கிறது. பின்சக்கரத்தில் மட்டும்தான் இழுவை. தேரிக்காட்டில் (செம்மணல் மேட்டுப் பகுதி) இருக்கும் முருங்கைத் தோட்டத்துக்குப் போனால் பாதி நாள் மணலில் புதைந்து, டிராக்டரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. லீவு நாளில் கூட்டாளிகளோடு மலையடிவாரக் கல்தடங்களில் ஓட்டவும் ஆசை. பழைய ஜீப்பின் முன் ஆக்சிலை வாங்கி மாட்டி ஃபோர் வீல் ஆக்கித் தருகிறேன் என்கிறார் தெரிந்த மெக்கானிக். செய்யலாமா அண்ணாச்சி?"

செய்ய முடியும். ஆனால் அவர் சொல்கிற வழியில் வேண்டாம். அதற்கு முன்னால், உங்கள் தோட்டத்துக்குப் போக ஃபோர் வீலே, அதாவது நாலு சக்கரத்துக்கும் இழுவை, தேவையா என்று பார்த்துவிடுவோம்.

பிக்கப்பில் எஞ்சினும் கேபினும் முன்னால் இருக்கின்றன. தொட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் லேசு. இழுக்கிற சக்கரமோ பின்னால்தான். போதாததற்குப் பாரம் ஏற்றுவதற்காக டயரில் கல் மாதிரி காற்று அடித்து வைத்திருப்பீர்கள். ஆனி ஆடிக் காற்றில் புரண்டு கிடக்கிற காய்ந்த தேரி மணலில் அந்த டயர் கத்தி மாதிரி இறங்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே தடத்தில் சுலபமாகப் போய் வந்திருப்பீர்களே, யோசித்துப் பாருங்கள். ஈர மணல் இறுகி நின்று வண்டியைத் தாங்குகிறது.

அதனால் முதல் வைத்தியம் காற்றைக் குறைப்பது. பாரம் இல்லாதபோது நாலு டயரிலும் 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள். டயர் சப்பையாகி நீளவாக்கில் மணலில் படியும், எடை பரவும். அப்புறம் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே நாலைந்து மணல் மூட்டையைப் போடுங்கள். இரண்டாம் கியரில் சீராகப் போங்கள், நடுவில் பிரேக் அடிக்காதீர்கள். காற்று குறைந்த டயரில் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், அதனால் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம். தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரசரால் மறுபடி அடித்துவிடுங்கள். ஃபோர் வீல் கேட்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்தது டிஃபரன்ஷியல். திருப்பத்தில் இடது வலது சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற, ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கர அமைப்பு அது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சம விசையைத்தான் கொடுக்கும். ஒன்று பிடிப்பில்லாமல் சுற்றினால், மற்றதற்கும் அந்த அற்ப விசைதான் போகும். இரண்டு சக்கரத்தையும் பூட்டி ஒன்றாகச் சுற்ற வைப்பது லாக்கர். பின் ஆக்சிலில் பொருந்துகிற லாக்கர் கிடைத்தால் அதைப் போடுவது ஃபோர் வீல் வேலையில் சிறு பங்குதான். மணலில் அதன் பலன் பெரிது. லாக்கர் இல்லாத ஃபோர் வீல் வண்டியும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனக் குறுக்காக இரண்டு சக்கரம் பிடி இழந்தால் நின்றுவிடும்.

கல்தடம் வேறு கதை. அங்கே உங்களுக்கு வேண்டியது முன்சக்கர இழுவை மட்டுமல்ல, லோ கியர். கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துத் தரும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதில் லோ போட்டால் வேகம் சுமார் இரண்டரை மடங்கு குறையும், இழுவை அதே அளவு கூடும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் எஞ்சின் பிடியிலேயே இறங்கலாம். இதை டயரோ லாக்கரோ தராது. இந்த ஆசை உண்மையானது என்றால் ஃபோர் வீல் பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

சரி, மாற்றுவதென்றால் என்னென்ன மாறும்? முன் ஆக்சில் மட்டும் போதாது. உங்கள் கியர் பாக்ஸின் பின்பகுதியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்காராது. அதனால் ஃபோர் வீல் வண்டியின் கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்தே வர வேண்டும். அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இடம் மாறும். சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டுதான் ஷாஃப்ட். பின் ஷாஃப்ட்டின் நீளத்தைக் குறைத்து பேலன்ஸ் பார்க்க வேண்டும், முன்னுக்குப் புது ஷாஃப்ட் வேண்டும். முன் டிஃபரன்ஷியல் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் ஷாஃப்ட் மாட்டுகிற வாயும் அதே பக்கம் இருக்க வேண்டும். ஸ்பிரிங், ஸ்டியரிங் ராடு, பிரேக் குழாய், எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கும் (சம்ப்) ஆக்சிலுக்கும் நடுவே இடைவெளி என்று வேலை நீண்டுகொண்டே போகும். கேம்பரிலேயே கம்பெனி ஃபோர் வீல் மாடல் உண்டு. அதில் ஒன்றை உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அடியில் படுத்து, சேஸிஸ் எங்கெங்கே வேறுபடுகிறது என்று பாருங்கள். சாமானை மொத்தமாக அப்படிப்பட்ட ஒரே வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். பல வண்டிச் சாமானைச் சேர்த்து வெல்டு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? சில வருஷத்துக்கு முன் ராதாபுரம் பக்கமிருந்து ஒரு பிக்கப் என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தது. வேறொரு இடத்தில் பழைய ஜீப் ஆக்சில் மாட்டியிருந்தார்கள். முன் டிஃபரன்ஷியலின் கிரவுன் பினியன் (ஷாஃப்ட் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி) பல் விகிதம் பின்னோடு ஒக்கவில்லை. முன்சக்கரம் ஒரு வேகம், பின்சக்கரம் ஒரு வேகம். மணலில் சறுக்கிச் சமாளித்திருக்கிறது. ஃபோர் வீலை எடுக்க மறந்து தார் ரோட்டில் ஏறியதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளந்துவிட்டது. அந்தப் பையன் பட்டறையில் உட்கார்ந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். வண்டியை ஆப்பு வைத்து நிறுத்தி, நியூட்ரலில், ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அதுதான் விகிதம். வாங்கப்போகிற முன் ஆக்சிலிலும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இதே மாதிரி எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். விகிதம் ஒத்திருந்தாலும், காய்ந்த தார் ரோட்டில் இந்த வகை ஃபோர் வீலைப் போடவே கூடாது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால், திருப்பத்தில் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று முறுக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி தந்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்க்கிறார்கள். அடியில் புதிதாகத் தொங்கும் ஆக்சிலை மறைக்க முடியாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். எனவே சாமான் வாங்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கேளுங்கள்.

எங்கே ஓட்டுவது என்பதும் முக்கியம். மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை, காரையார் எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே அனுமதித்த ரோட்டை விட்டு இறங்குவது குற்றம், காட்டுக்கும் கேடு. சொந்தப் பட்டா நிலமோ, உடையவர் சம்மதித்த தடமோதான் நமக்கு.

என் யோசனை இது. இந்த ஆடிக்குள் காற்றைக் குறைத்து, மூட்டை வைத்து, பத்துத் தடவை தோட்டத்துக்குப் போய் வாருங்கள். பிறகும் புதைந்தால் லாக்கர். கல்தடம்தான் விருப்பம் என்றால், மாற்றுவதற்கு ஆகும் மொத்தச் செலவோடு உங்கள் வண்டியை விற்றால் கிடைக்கிற பணத்தையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்குள் கம்பெனியிலேயே ஃபோர் வீலாக வந்த பழைய கேம்பர் கிடைத்தால், யோசிக்காமல் அதை வாங்குங்கள். வாங்கும் முன் தார் இல்லாத இடத்தில் லோ போட்டு, முன் ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.