நாய்க்குட்டி வருமுன் வீட்டில் செய்ய வேண்டியவை: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் ஐயா கட்டிய வீட்டில் நானும் என் கணவரும் மட்டும் இருக்கிறோம். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இவ்வளவு பெரிய வீட்டில் இருவர் தனியாக இருக்கிறீர்களே என்று அவன் வற்புறுத்தியதால் ஒரு சிப்பிப்பாறைக் குட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். மூன்று வாரத்தில் குட்டி வந்துவிடும். மே விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். கடையில் விசாரித்தால் மெத்தை, கூண்டு, ஷாம்பு, பவுடர், சட்டை என்று ஒரு பக்கத்துக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். எவை தேவை, எவை தேவையில்லை? குட்டியை வீட்டில் எந்த இடத்தில் வைப்பது?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, கடைப் பட்டியலை இப்போதைக்கு ஒருபுறம் வைத்துவிடுங்கள். குட்டிக்காக வாங்க வேண்டியவை மிகச் சில. அது வருமுன் வீட்டில் எடுத்து வைக்க வேண்டியவையும் மூடி வைக்க வேண்டியவையும்தாம் அதிகம். உங்களுக்கு இருக்கும் மூன்று வாரத்தில் இரண்டு வாரத்தை அந்த வேலைக்கே ஒதுக்குங்கள்.

முதலில் இடம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீட்டை எட்டு வாரக் குட்டிக்குத் திறந்துவிடக் கூடாது. எங்கே சிறுநீர் கழிக்கலாம், எங்கே கூடாது என்பது அதற்கு விளங்காது. யாரும் பார்க்காத ஏதோ ஓர் அறையில் எதையாவது கடித்துக்கொண்டிருக்கும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், அடுப்படியிலிருந்து நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்கக்கூடிய தாழ்வாரத்தின் ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். பலகை கொண்டோ, மடக்குக் கம்பித் தடுப்பு கொண்டோ பத்தடிக்கு எட்டடி அளவில் ஒரு பகுதியை அடைத்தால் போதும். அதன் ஒரு கோடியில் படுக்கையும் தண்ணீரும், மறு கோடியில் பழைய நாளிதழ்கள். தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற இயல்பு குட்டிகளுக்கு உண்டு. அந்த இயல்புக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு இந்தத் தூரம் போதுமானது.

அடுத்து, உங்கள் வீட்டுத் தரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து எடுக்கப்படுவது. அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லில் அப்படியே இறங்கிவிடுகிறது. அதற்குமேல் நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் துடைத்துத் துடைத்து ஏற்றிய மெருகும் சேர்ந்திருக்கிறது. அந்தத் தரையில் குட்டி ஓடி வந்து திரும்பும்போது கவனித்துப் பாருங்கள்: நகங்கள் கிரீச்சிடும், பின்னங்கால்கள் இரண்டும் தவளையின் கால்களைப் போல விரிந்து போகும், வயிறு தரையைத் தொடும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் எலும்பு முனைகளில் வளர்ச்சி முடியாத அந்த வயதில், நாள்தோறும் பலமுறை இப்படிச் சறுக்குவது இடுப்புக்கும் முழங்காலுக்கும் நல்லதன்று. சிப்பிப்பாறை போன்ற நீண்ட கால்களுள்ள, ஓடுவதற்கென்றே பிறந்த இனத்திற்கு இந்தக் கவனம் இன்னும் அவசியம். ஆகவே குட்டியின் பகுதியிலும், அது தோட்டத்துக்குப் போய்வரும் வழியிலும் அடிப்பக்கம் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போடுங்கள். கோரைப்பாய் வேண்டாம், அதுவே தரையில் வழுக்கும், குட்டி அதன் நாரைப் பிய்த்து விழுங்கவும் கூடும். நான் கட்டாயம் வாங்கச் சொல்லும் முதல் பொருள் இந்த ரப்பர் விரிப்புதான்.

அதே கல்லில் குட்டி சிறுநீர் கழித்துவிட்டால் உடனே பழந்துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடையுங்கள். ஆசிட் கலந்த கழுவிகளையோ வினிகரையோ ஊற்ற வேண்டாம். அது சிமெண்டுக் கல். அமிலம் பட்டால் மெருகும் நிறமும் போய்விடும், கழுவாமல் விட்ட இடத்தில் நக்கினால் குட்டியின் வாயும் புண்ணாகும்.

இனி எடுத்து வைக்க வேண்டியவை. நம் பக்கத்து வீடுகளில் நான் முதலில் தேடுவது அந்துருண்டையை. பட்டுப் புடவைப் பெட்டிகளிலும் பழைய பீரோக்களிலும் ஆண்டுக்கணக்காகப் போட்டு வைத்திருப்போம். பல ஆண்டுகளுக்கு முன் பள்ளத்தூரில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து இரண்டரை மாதக் குட்டி ஒன்றைத் தூக்கி வந்தார்கள். வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தது, ஈறுகள் வெளிறியிருந்தன. என்ன தின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. வாயைத் திறந்து பார்த்தபோது, நெடுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை அடித்தது. புடவை எடுத்தபோது உருண்டு விழுந்த ஓர் உருண்டையைக் கடித்துத் தின்றிருக்கிறது. அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. அந்தக் குட்டி பல நாள் சிகிச்சைக்குப் பின் பிழைத்தது. எல்லாக் குட்டிகளுக்கும் அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை. பெட்டிகளைத் திறந்து மூடிய பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எலி மருந்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அதைத் தின்று செத்த எலியும் ஆபத்துதான். உங்கள் கணவர் சாப்பிடும் மாத்திரைகள் மேசை விளிம்பில் இருக்க வேண்டாம். நமக்குச் சாதாரணமான பாரசிட்டமாலும் வலி மாத்திரைகளும் குட்டிக்கு நஞ்சு. சாமிக்குப் பூப்பறிக்க வளர்க்கும் அரளியின் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும். செடியை வெட்ட மனம் வராவிட்டால் சுற்றிலும் வலையடித்து, உதிரும் இலையை அன்றாடம் பெருக்கிவிடுங்கள். பின்கட்டுக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் குட்டி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அடைத்துவிட வேண்டும். நடு முற்றமான வளவில் மழைத் தண்ணீர் பிடிக்கும் அண்டாவை மூடி வையுங்கள். தண்ணீர் போகும் தூம்பு வாய்க்கும் கம்பி வலை தேவை. முகப்புத் திண்ணையிலிருந்து குட்டி தானாகக் குதிக்க விடக் கூடாது, தூக்கி இறக்குங்கள்.

உண்ணியைப் பற்றியும் ஒரு சொல். நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். இரத்தம் குடித்த பெண் உண்ணி சுவரேறி, நிலைக்கதவின் இடுக்கிலும் தூணின் அடிப்பிளவிலும் ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பழைய மரவேலை நிறைந்த வீட்டில் அதற்கு ஒளிவிடத்துக்குப் பஞ்சமில்லை. குட்டி வருமுன் அந்த இடுக்குகளைச் சுத்தம் செய்து, கல் இடைவெளிகளைப் பூசி அடைத்துவிட்டால் உண்ணிக் காய்ச்சலில் பாதியைத் தடுத்தவர்களாவீர்கள். உண்ணி மருந்தைக் குட்டியின் எடை பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும். மண்ணெண்ணெய் தடவும் பழைய வழக்கம் தோலைப் பொசுக்கிவிடும்.

வாங்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். உணவுக்கும் தண்ணீருக்கும் கனமான இரண்டு கிண்ணங்கள் வேண்டும். கோடையில் தண்ணீருக்கு மண்சட்டியே சிறந்தது. சிப்பிப்பாறையின் தலை கழுத்தைவிட அதிகம் அகலமில்லாததால் சாதாரணக் கழுத்துப் பட்டை எளிதில் உருவிவிடும். மார்பைச் சுற்றிப் போடும் பட்டையும் இலேசான நைலான் கயிறும் வாங்குங்கள். இரும்புச் சங்கிலி வேண்டாம். கடிக்க இரண்டு ரப்பர்ப் பொம்மைகள் போதும். படுக்கைக்கு உங்கள் பழைய நூல் புடவையை நாலைந்து மடிப்பாகத் தைத்துக் கொள்ளுங்கள். இந்த இனத்துக்கு உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் வெறும் கல்தரையில் படுத்தால் முழங்கையில் காய்ப்புக் காய்த்துவிடும். மேலும் உங்கள் உடம்பு வாசம் உள்ள துணியில் குட்டி சீக்கிரம் அடங்கும். ஷாம்புவும் பவுடரும் சட்டையும் தேவையில்லை. கூண்டு வாங்கினால் வண்டியில் அழைத்து வரவும் இரவில் உறங்கவும் உதவும். பகலெல்லாம் அடைத்து வைப்பதற்கு அன்று.

முதல் சில இரவுகள் குட்டி அழும். தாயையும் உடன்பிறப்புகளையும் பிரிந்த குழந்தை அது. பின்கட்டில் தனியே போட்டுக் கதவைச் சாத்தாமல், நீங்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூண்டிலோ அட்டைப் பெட்டியிலோ படுக்க வையுங்கள். கையை நீட்டித் தொட்டால் அடங்கிவிடும். நடு இரவில் ஒருமுறையாவது வெளியே எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

பேரப்பிள்ளைகள் வருவதால் இதையும் சொல்லிவிட வேண்டும். தூங்குகிற குட்டியையும் சாப்பிடுகிற குட்டியையும் யாரும் தொடக் கூடாது என்பதை அவர்களிடம் முதல் நாளே சொல்லுங்கள். விளையாட்டில் பல் பட்டு இரத்தம் வந்தாலோ, நகம் கீறினாலோ, ‘வீட்டுக் குட்டிதானே’ என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெறிநோய் வந்தபின் அதற்கு மருந்தில்லை. வராமல் தடுக்கும் ஊசி மட்டுமே உண்டு. குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்ததும் போட வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவக் குடும்பம். குட்டிக்குப் பாலும் சோறும் மட்டும் கொடுத்து வளர்க்கலாமா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: பாலும் சோறும் மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு வளராது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். தயிர் அதைவிட நன்றாகச் செரிக்கும். வளரும் குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சரியான விகிதத்தில் வேண்டும். அதை வீட்டுச் சைவ உணவில் கணக்கிட்டுக் கொடுப்பது கடினம் என்பதால், குட்டிகளுக்கென்றே தயாரித்த உலர் உணவை வாங்கி வையுங்கள். அவித்த முட்டைக்கு வீட்டில் இடம் இருந்தால் மிக நல்லது. மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. வந்த முதல் வாரம் முன்பு தின்றுகொண்டிருந்த உணவையே கொடுத்து, அடுத்த ஏழு நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். சாம்பார்ச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது. சாக்லேட்டும் ஆகாது.

கேள்வி: காரைக்குடியில் மாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவன், மனைவி இருவரும் காலை ஒன்பது மணிக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புவோம். குட்டிக்கு வீட்டில் என்ன ஏற்பாடு செய்யலாம்?
— வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது, நடுப்பகலில் ஒரு வேளைச் சாப்பாடும் உண்டு. ஒன்பது மணி நேரம் தனியே விடுவதற்கு எந்தப் பொருளை வாங்கினாலும் ஈடாகாது. நடுவில் இரண்டு முறை வந்து கவனிக்க ஊரிலிருந்து உங்கள் அம்மாவோ, நம்பகமான பக்கத்து வீட்டுக்காரரோ கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். அப்படி ஆள் இல்லையென்றால், ஒரு வயது கடந்து, வீட்டுப் பழக்கம் வந்த நாயைத் தத்தெடுப்பதே உங்களுக்கும் நாய்க்கும் நியாயம். வீட்டு உரிமையாளரின் சம்மதத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாடிப்படிக்கும் பால்கனிக் கம்பிக்கும் வலையடிப்பது எப்படியும் அவசியம்.

கேள்வி: எங்கள் லேப்ரடார் குட்டி, வந்த பத்தாம் நாளே இரத்த வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டது. பார்வோ என்று சொன்னார்கள். என் மகள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். ஒரு மாதமாகிறது. வேறொரு குட்டி வாங்கலாமா? வீட்டைப் பினாயில் போட்டுக் கழுவிவிட்டோம்.
— வாசகர், புதுவயல்

பதில்: உங்கள் மகளின் துயரம் எனக்குப் புரிகிறது, அவளுக்காகவே சற்றுப் பொறுக்கச் சொல்கிறேன். பார்வோ நச்சுயிரி நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டு வரைகூட உயிர்ப்புடன் இருக்கும். பினாயிலை நம்பி அடுத்த குட்டியைக் கொண்டுவரக் கூடாது. கடையில் விற்கும் திரவ பிளீச்சில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, முதலில் சோப்பால் கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட்டுக் கழுவுங்கள். நிறம் போகக்கூடிய தரையாக இருந்தால் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். அதே கலவையில் எவர்சில்வர்க் கிண்ணங்களையும் ஊற வையுங்கள். பழைய படுக்கை, பட்டை, பொம்மை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்; மனம் கேட்காமல் எடுத்து வைத்த ஒரே ஒரு துணிப் பொம்மையால் இரண்டாவது குட்டியையும் இழந்த வீட்டை எனக்குத் தெரியும். தோட்டத்து மண்ணை எந்த மருந்தாலும் முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாது.

எனவே இந்த முறை இரண்டு மாதக் குட்டியைத் தேடாதீர்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கும் தடுப்பூசி வரிசையைப் பதினாறு வாரம் வரை முழுமையாகப் போட்டு முடித்து, அதன்பின் இரண்டு வாரமும் கடந்த, நாலரை மாதக் குட்டியாக வாங்குங்கள். விற்பவரிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தேதிக்கும் நேராக மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் தேதி மட்டும் எழுதிய அட்டையாக இருந்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.