வல்லெசிட்டோ அஞ்சல் வண்டி நிலையம் ஏன் உருவானது, யார் நடத்தினார்கள்?

தெற்குக் கலிபோர்னியாவின் கொலராடோ பாலைவனத்தைக் கடந்துவரும் பயணிகளுக்கு நல்ல நீரும் புல்லும் கிடைத்த முதல் இடங்களில் ஒன்று வல்லெசிட்டோ என்பதே அந்நிலையம் அங்கு அமைந்ததற்கான முதன்மைக் காரணம். 1850களில் அங்கு குடியேறிய ஜேம்ஸ் லாசிட்டர், மரம் அரிதான அவ்விடத்தில், புல்வேர்கள் பின்னிய சதுப்பு மண்ணைக் கட்டிகளாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்; அவ்வீடே பின்னர் அஞ்சல் வண்டி நிலையமாயிற்று, அவரே அதை நடத்தினார்.

1857இல் சான் அன்டோனியோ–சான் டியேகோ அஞ்சலும், 1858 முதல் பட்டர்ஃபீல்ட் என்ற அஞ்சல் வண்டி நிறுவனத்தின் வண்டிகளும் அங்கு நின்று சென்றன. பட்டர்ஃபீல்ட் வண்டிகள் மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏறத்தாழ 2,800 மைல் தூரத்தை 25 நாள்களுக்குள் கடக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே வண்டி வந்து நின்றதும் களைத்த விலங்குகளை அவிழ்த்துப் புதியவற்றைப் பூட்டுவதும், பயணிகளுக்கு அவசர உணவு பரிமாறுவதும் நிலையக் காப்பாளர்களின் அன்றாடக் கடமையாயின. அஞ்சல் வரலாற்றில் ஓட்டுநர்களுக்குக் கிடைக்கும் புகழில் சிறு பங்குகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது இத்தென்வழி கைவிடப்பட்டு அஞ்சல் வடக்கே மாற்றப்பட்டது. பின்னாளில் இருப்புப்பாதையும் வந்துவிட, கவனிப்பாரற்ற மண்சுவர்கள் இடிந்தன. 1934இல் மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடமே இன்று சான் டியேகோ மாவட்டப் பூங்காவில் காணப்படுகிறது.