வேலை செய்ய இயலாதவரை வேலை தேடும்படி கட்டாயப்படுத்த முடியுமா?

கேள்வி: எனக்கு 49 வயது. பிரித்தானியாவில் களஞ்சியசாலை ஒன்றில் பாரம் தூக்கும் வேலை செய்துவந்தேன். முதுகெலும்புத் தட்டு விலகியதால் வேலையை விட நேர்ந்தது. அதன் பின் மன அழுத்தத்திற்கும் மருந்து எடுக்கிறேன். வாடகைப் பகுதியுடன் யுனிவர்சல் கிரெடிட்டும் (குறைந்த வருமானம் உள்ளோருக்கான அரசக் கொடுப்பனவு), தனியாகப் பிப் என்னும் இயலாமைக் கொடுப்பனவும் பெறுகிறேன். நான்கு மாதங்களுக்கு முன், மருத்துவ மதிப்பீட்டின் முடிவில், வேலை செய்யும் ஆற்றல் குறைந்தவர், ஆனால் வேலைக்கு ஆயத்தமாகக் கூடியவர் என்று எனக்கு அறிவித்தார்கள். இப்போது ஜொப் சென்டரில் (அரச வேலைவாய்ப்பு நிலையம்) என்னைக் கவனிக்கும் அதிகாரியான வேர்க் கோச், வாரம் பத்து வேலைகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும், கணினிப் பயிற்சிக்கு வரவேண்டும் என்கிறார். முதுகு பிடித்துக்கொண்டதால் ஒரு சந்திப்புக்குப் போக முடியவில்லை. மூன்று வாரங்களுக்கு முன் சாங்ஷன் (கொடுப்பனவை வெட்டும் தண்டனை) விதித்திருப்பதாக, யுனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கான ஜேர்னலில் செய்தி வந்தது. இதற்கிடையில் என் மைத்துனர் தன் அலுவலகத்தில் வாரத்தில் சில மணித்தியாலம் தொலைபேசி பார்க்க வரும்படி கேட்கிறார். நான் எதற்கெல்லாம் கட்டுப்பட்டவன்? மைத்துனரிடம் போனால் பணம் நின்றுவிடுமா?

பதில்: உங்கள் கேள்விகளுள் அவசரமானது சாங்ஷன் பற்றியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த முடிவை மீள்பரிசீலனை செய்யும்படி கேட்பதற்கான வழமையான கால எல்லை ஒரு மாதம். மூன்று வாரங்கள் கடந்துவிட்டன. தகுந்த காரணம் காட்டினால் பிந்திய கோரிக்கையையும் ஏற்க இடமுண்டு என்றாலும், இருக்கும் நாட்களை வீணாக்காதீர்கள். ஜேர்னலில் எழுதினாலே போதும்; தனிப் படிவம் கட்டாயமில்லை.

மீள்பரிசீலனை கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்களைப் போன்றவர்கள் ஒரு சந்திப்பைத் தவறவிட்டால் விதிக்கப்படும் சாங்ஷனுக்கு இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதற்பகுதி, நீங்கள் மீண்டும் இணங்கும் நாள்வரை நீண்டுகொண்டே போகும். அதன் மேல் முதல் தடவையாயின் 7 நாட்களும், ஓர் ஆண்டுக்குள் மறுபடி நேர்ந்தால் 14 நாட்களும், பின்னர் 28 நாட்களும் சேரும். ஆகவே இன்றே தொடர்பு கொண்டு புதிய சந்திப்பைக் கேட்டால் அந்த ஓட்டம் நிற்க வழி பிறக்கும். பலர், வழக்கு முடியட்டும், இப்போது போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வீட்டிலேயே இருந்து கடனைப் பெருக்கிக்கொள்கிறார்கள். புதிய சந்திப்புக்குப் போவது எதையும் ஒப்புக்கொள்வதாகாது. நீங்கள் மேன்முறையீடு செய்யும் உரிமையையும் அது குறைக்காது.

வெட்டப்படும் தொகை, அடிப்படைக் கொடுப்பனவை வைத்து நாட்கணக்கில் கணிக்கப்படுகிறது. பிப் கொடுப்பனவில் ஒரு பென்சும் கைவைக்க முடியாது. சாப்பாட்டுக்கும் வெப்பமூட்டலுக்கும் வழியில்லாத நிலை வந்தால் இடர்காலக் கொடுப்பனவைக் கேட்கலாம். அது வெட்டப்பட்ட தொகையின் 60 வீதமாகக் கணிக்கப்படும். ஆனால் யுனிவர்சல் கிரெடிட்டில் அது பொதுவாகத் திருப்பிப் பிடிக்கப்படும் பணம் என்பதை நினைவில் வைத்தே கேளுங்கள்.

சாங்ஷன் நிலைக்குமா நிலைக்காதா என்பது, வராமல் விட்டதற்கு உங்களிடம் நல்ல காரணம் இருந்ததா என்ற ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது. நல்ல காரணம் எதுவென்று சட்டம் வரையறை தரவில்லை. உங்கள் நிலையில் இருக்கும் ஒருவர் அன்றைக்கு நியாயமாக என்ன செய்திருப்பார் என்றே பார்க்கப்படும். முதுகுவலி என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் அது எடுபடுவது கடினம். அன்று காலையில் நடந்ததை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி: “அன்று காலை ஆறு மணிக்குக் கட்டிலில் இருந்து எழ முயன்றபோது இடுப்புக்குக் கீழே வலி இறங்கியது, மனைவி பிடித்துத்தான் குளியலறைக்குப் போனேன். மருத்துவர் எழுதித் தந்த வலிமருந்தை எடுத்தால் இரண்டு மூன்று மணித்தியாலம் தூக்க மயக்கம் இருக்கும். பேருந்தில் உட்கார முடியாத நிலையில் இருந்தேன். ஒன்பது மணிக்கு உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். காத்திருப்பில் இருந்து தொடர்பு துண்டிக்கப்பட்டது.” இவற்றில் எது உங்களுக்கு உண்மையோ அதை மட்டும் எழுதி, கைத்தொலைபேசியில் இருக்கும் அழைப்புப் பதிவு, மருந்துச் சீட்டு, ஜி.பி.யின் (குடும்ப மருத்துவரின்) குறிப்பு, மனைவி கையொப்பமிட்ட கடிதம் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள்.

இனி உங்கள் கடமைகளுக்கு வருவோம். 2012 ஆம் ஆண்டின் சமூகநலச் சீர்திருத்தச் சட்டம், யுனிவர்சல் கிரெடிட் பெறுவோரை வேலை சார்ந்த கடமைகளின்படி பிரித்து வைத்திருக்கிறது. கடும் இயலாமை உள்ளவர்களிடம் 19 ஆம் பிரிவின்படி எதையும் கேட்க முடியாது. வேலை செய்யும் ஆற்றல் குறைந்தவர் என்று முடிவு செய்யப்பட்ட நீங்கள் 21 ஆம் பிரிவில் வருகிறீர்கள். அந்தப் பிரிவில் உள்ளவரிடம் இரண்டைக் கேட்கலாம்: வேலை பற்றிய நேர்முகச் சந்திப்புக்கு வருவது, வேலைக்கு ஆயத்தமாவது. வேலை தேடுவதும், வேலை கிடைத்தால் உடனே சேரத் தயாராக இருப்பதும் முறையே 17, 18 ஆம் பிரிவுகளில் சொல்லப்பட்ட வேறு கடமைகள். அவற்றை 22 ஆம் பிரிவில் வருபவர்கள் மீதே சுமத்தலாம், உங்கள் மீது சுமத்த முடியாது. ஆகவே வாரம் பத்து விண்ணப்பம் என்ற நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமில்லை. நீங்களாக விரும்பி விண்ணப்பித்தால் அது உங்கள் விருப்பம். விண்ணப்பிக்காமல் விட்டதற்காகச் சாங்ஷன் விதிக்க முடியாது.

அந்தப் பத்து விண்ணப்பம் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். ஜேர்னலுக்குள் போய், நீங்கள் ஒப்புக்கொண்டதாக இருக்கும் கிளைமன்ட் கமிட்மென்ட் (உங்கள் கடமைகளைப் பட்டியலிடும்) ஆவணத்தைத் திறந்து அதன் திகதியைக் கவனியுங்கள். மருத்துவ மதிப்பீட்டுக்கு முன்னர் எழுதிய ஆவணமே மாற்றப்படாமல் அப்படியே கிடப்பது எனக்குப் பழகிப்போன காட்சி. முடிவு மாறியதும் அதுவும் மாற்றப்பட வேண்டும். அதை எந்த நேரத்திலும் மீளாய்வு செய்யச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் ஒன்று: அதை ஏற்கமாட்டேன் என்று வெறுமனே மறுத்துவிடாதீர்கள். ஏற்பது கொடுப்பனவுக்கான அடிப்படைத் தகுதிகளுள் ஒன்று. மறுத்தால் கொடுப்பனவு முழுவதுமே நிற்கக்கூடும். “என்னைப் பற்றிய முடிவு இன்ன திகதியில் வந்தது, நான் 21 ஆம் பிரிவில் வருபவன், வேலை தேடும் நிபந்தனைகளை நீக்கிப் புதிய ஆவணம் தரவும்” என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டது பின்னர் ஒருவர் நினைவிலும் இருக்காது.

கணினிப் பயிற்சி அப்படியல்ல. பயிற்சிக்குப் போவது, திறன் மதிப்பீட்டுக்கு உட்படுவது, வேலை அனுபவம் பெறும் இடத்துக்குப் போவது போன்றவை வேலைக்கான ஆயத்தம் என்று 16 ஆம் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆற்றல் குறைந்தவர் என்ற முடிவு வந்தால் ஜொப் சென்டர் பக்கமே போகத் தேவையில்லை என்று நம் மக்களிடையே நிலவும் எண்ணம் தவறானது. பயிற்சி வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாக, அதை உங்கள் உடம்புக்கு ஏற்றதாக மாற்றித் தரும்படி கேட்பதே பலன் தரும். இங்கே 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. இயலாமை உள்ள ஒருவர் பெரும் பாதகத்துக்கு உள்ளாகும் இடத்தில் நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமை அரசுத் திணைக்களத்துக்கும் உண்டு. சந்திப்புகளைத் தொலைபேசியில் வைப்பது, மருந்தின் மயக்கம் தெளிந்த பிற்பகலில் நேரம் ஒதுக்குவது, மூன்று மணித்தியால வகுப்பில் இடையிடையே எழுந்து நடக்க விடுவது, முதுகைத் தாங்கும் நாற்காலி தருவது எல்லாம் இதில் அடங்கக்கூடியவை. கேட்டும் மறுத்தால் கவுண்டி நீதிமன்றத்தில் வழக்கிட ஆறு மாத எல்லை உண்டு. நடைமுறையில் அதுவரை போகத் தேவை வருவது அரிது, முறைப்பாட்டுக் கடிதத்தில் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டாலே பெரும்பாலும் வழி திறக்கும்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியும் இருக்கிறது. என் கணிப்பில் உங்கள் விடயத்தில் கனமானது அதுதான். உங்களை இந்த நடுப்பிரிவில், அதாவது 21 ஆம் பிரிவில், வைத்த முடிவு சரியானதா? 2017 ஏப்ரல் 3 க்குப் பின்னர் தொடங்கிய கோரிக்கைகளில் நடுப்பிரிவுக்கு மேலதிகப் பணம் கிடையாது. கடும் இயலாமைப் பிரிவுக்கு மேலதிகத் தொகையும் உண்டு, வேலை சார்ந்த கடமையும் இல்லை. அந்தப் பிரிவுக்குள் வர உங்களுக்குப் பொருந்தக்கூடிய வாசல்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, விதிகளில் பட்டியலிடப்பட்ட நிலைகளுள் ஏதாவது ஒன்று பொருந்துவது. எடுத்துக்காட்டாக, கடும் அசௌகரியமோ களைப்போ இன்றி 50 மீற்றருக்கு மேல் திரும்பத் திரும்ப நடமாட முடியாமை. ஒருமுறை நடந்துவிடலாம் என்பது விடையாகாது. போய், திரும்பி, மறுபடி போக முடியுமா என்பதே கேள்வி. மற்றொன்று, உங்களை அந்தப் பிரிவில் சேர்க்காவிட்டால் உங்களுடைய அல்லது வேறொருவருடைய உடல், மன நலத்துக்குக் கணிசமான ஆபத்து ஏற்படும் என்று காட்டுவது. உங்களுக்கு முதுகுவலியோடு மன அழுத்தமும் இருப்பதால் இந்த இரண்டாவது வாசல் முக்கியமானது. நோயாலோ இயலாமையாலோ வேலை செய்ய முடியாதவர்களுக்கான பழைய இ.எஸ்.ஏ. கொடுப்பனவின் இதே விதி தொடர்பாக, மேல் தீர்ப்பாயம் 2014 இல் அளித்த தீர்ப்பின்படி, அந்த ஆபத்தை வெறுங்காற்றில் எடைபோட முடியாது. அந்தப் பகுதியில் இப்படியானவர்களிடம் என்ன ஆயத்த வேலைகள் கேட்கப்படுகின்றன என்ற விபரத்தைத் திணைக்களம் தீர்ப்பாயத்தின் முன் வைக்க வேண்டும். உங்கள் வேர்க் கோச் இதுவரை கேட்டவற்றை எல்லாம் ஜேர்னலில் இருந்து படம் பிடித்து வைத்தால், அந்த விபரத்தின் ஒரு பகுதி உங்கள் கையிலேயே இருக்கும்.

நான்கு மாதங்கள் கடந்ததால் ஒரு மாதக் கெடு போய்விட்டது. ஆயினும் மொத்தம் 13 மாதங்களுக்குள், பிந்தியதற்கான காரணத்துடன் மீள்பரிசீலனை கேட்க இடமுண்டு. மறுத்தால் அந்த மறுப்பு அறிவித்தலின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். காலத்தைக் கடத்தாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு: 2026 ஏப்ரல் முதல் புதிதாக அந்த மேலதிகத் தொகைக்கு உரித்தாகுபவர்களில் பெரும்பாலோருக்கு, முன்னரே உரித்தானவர்களைவிடக் குறைந்த தொகையே என்று 2025 ஆம் ஆண்டின் யுனிவர்சல் கிரெடிட் சட்டம் வைத்திருக்கிறது, ஆகவே பழைய முடிவையே திருத்திக்கொள்வதும், புதிதாக ஒரு மதிப்பீடு கேட்பதும் பண அளவில் ஒன்றாக இராது. எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். மேன்முறையீட்டில் தீர்ப்பாயம் முழு முடிவையும் புதிதாகப் பார்க்கலாம். இப்போது இருக்கும் நடுப்பிரிவு நிலையும் கேள்விக்குள்ளாகலாம். ஆகையால் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி, ஆற்றல் குறைந்தவர் என்று முடிவு செய்யத் தேவையான 15 புள்ளிகள் எதற்காகக் கிடைத்தன என்பதை ஆலோசகர் ஒருவர் பார்த்த பின்னரே அந்த வழியில் இறங்குங்கள்.

மைத்துனரின் அழைப்புக்கு வருவோம். வாரம் 16 மணித்தியாலத்துக்குக் குறைவாகவே வேலை செய்யலாம் என்று பலர் சொல்லும் கணக்கு இ.எஸ்.ஏ.க்கு உரியது. யுனிவர்சல் கிரெடிட்டில் அப்படியொரு மணிக்கணக்குத் தடை இல்லை. உங்களுக்கு வேலைச் சலுகைத் தொகையும், அதாவது கொடுப்பனவு குறையாமல் உழைக்கக்கூடிய தொகையும், உண்டு. வாடகைப் பகுதி பெறுபவருக்கு 2025–26 நிதியாண்டில் அது மாதம் 411 பவுணாக இருந்தது. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கழிக்கப்படும். அந்தக் கணக்கில் மாதம் 500 பவுண் உழைத்தால் மேலதிகமான 89 பவுணில் ஏறத்தாழ 49 பவுண் மட்டுமே கொடுப்பனவிலிருந்து குறையும். வேலைக்குப் போவதால் மட்டும் பிப் நிற்காது. அது வேலையை அல்ல, அன்றாட வாழ்விலும் நடமாட்டத்திலும் உங்களுக்குள்ள தேவைகளைப் பார்த்துத் தரப்படுவது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மைத்துனர் தானே, காசு வாங்காமல் உதவி செய்தால் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள். கொடுக்க வசதியுள்ள ஒருவருக்கு ஊதியம் இன்றியோ குறைந்த ஊதியத்துக்கோ வேலை செய்தால், அத்தகைய வேலைக்கு வழக்கமாகக் கிடைக்கும் தொகையை நீங்கள் பெற்றதாகவே கணிக்க யுனிவர்சல் கிரெடிட் விதிகளின் 60 ஆம் ஒழுங்குவிதி இடமளிக்கிறது. தொண்டு நிறுவனத்தில் செய்யும் உண்மையான தன்னார்வப் பணிக்கு அதில் விலக்கு உண்டு. கையில் காசாக வாங்கி மறைத்தால் அது மோசடி வழக்குவரை போகும். சம்பளச் சீட்டுடன், வரித் திணைக்களத்தில் பதிவாகி, முதல் நாளிலேயே ஜேர்னலில் அறிவித்துச் செய்யுங்கள். நீங்கள் அங்கே செய்யும் வேலை அடுத்த மருத்துவ மதிப்பீட்டில் எடுத்துக் காட்டப்படும் என்பதால், எத்தனை மணித்தியாலம், படுத்து ஓய்வெடுக்க இடம் உண்டா, வலி கூடிய நாட்களில் வராமல் விட அனுமதி உண்டா என்பதை மைத்துனரிடமிருந்து கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மேலே சொன்னவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்கொட்லாந்தில் யுனிவர்சல் கிரெடிட் விதிகள் இவையே, ஆனால் பிப்பின் இடத்தில் வேறு கொடுப்பனவு உள்ளது. வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களிலும் சட்ட மையங்களிலும் கட்டணமின்றி உதவி கிடைக்கும். தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், மேன்முறையீட்டுப் படிவத்திலேயே நேரடி விசாரணை வேண்டும் என்றும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள். அதற்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை.