கேளுங்கள், சொல்கிறோம்: சேர்ந்து கதை கட்டும் ஆட்டங்கள்

கேள்வி: மாலைத் தமிழ் வகுப்பில் 12 பிள்ளைகள். வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கொரு வரி கதை சொல்லச் சொன்னால் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் "எல்லாரும் செத்துப்போனாங்க" என்று முடித்துவிடுகிறான். என்ன செய்வது?
– ஆசிரியை, ரோஸ்ஹில், மொரிஷியஸ்

பதில்: பிள்ளைகளுக்குக் கற்பனை போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள் அம்மா. இந்த நிமிடம் பேச வேண்டியவர் யார், யார் சொன்னது கதையில் நிற்கும் என்பது முடிவாகவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சத்தக்காரன் கைக்குக் கதை போய்விடும்.

முதலில் நாலு நாலு பேராகப் பிரியுங்கள். 12 பேர் வட்டத்தில் தன் முறை திரும்பி வர, ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 11 நிமிடம் காத்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளை காத்திருக்கும்?

அடுத்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அந்தக் கேள்வியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "கடைக்காரர் கடையை உள்ளேயிருந்து பூட்டிவிட்டுச் சாவியை ஏன் ஜன்னல் வழியே எறிந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். கூச்சப்படும் பிள்ளைக்கும் பாதிக் கதை கையில் கிடைத்துவிடும். இப்படி 20 கேள்விகளை அட்டைகளில் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். எடுத்தவர் மட்டுமே பதில் சொல்ல வேண்டும். மற்ற மூவரும் சேர்ந்து ஒரே ஒரு துணைக்கேள்வி கேட்கலாம். பதில் வராவிட்டால் அட்டையை வலப்பக்கம் தள்ளலாம். வாங்கியவர் மறுபடி தள்ளக் கூடாது.

சாவுக்கு ஒரு விதி போதும்: ஒருவர் படைத்த பாத்திரத்தை அவரைத் தவிர வேறு யாரும் கொல்லக் கூடாது. மொரிஷியஸில் எல்லாரும் பேசும் கிரியோல் மொழியைக் கலந்து பேசினால் நடுவில் திருத்த வேண்டாம், கதை அங்கேயே நின்றுவிடும். சொற்களைக் குறித்துவைத்துக்கொண்டு கடைசியில் பேசலாம்.

கேள்வி: எங்கள் ஊர் கிரியோல் வழக்கப்படி விடுகதை போடுகிறவர் "சிராந்தான்?" என்பார், கேட்கிறவர்கள் "சாம்பெக்!" என்பார்கள். இதை ஆட்டத்தில் சேர்க்கலாமா?
– வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: தாராளமாக. முறை இல்லாதவர் குறுக்கே ஏதாவது சேர்க்க விரும்பினால் "சிராந்தான்?" என்று கேட்கட்டும். இரண்டு பேராவது "சாம்பெக்!" சொன்னால்தான் அவருக்கு வாய்ப்பு. ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு தடவை என்று கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

கேள்வி: புயல் இரவில் ஒரே வீட்டில் மாட்டிக்கொண்ட நாலு பேரின் கதையாக ஓர் ஆட்டம் உருவாக்குகிறேன். மூன்று மணி நேரம் ஆனாலும் முடியமாட்டேன் என்கிறது.
– கல்லூரி மாணவர், த்ரியோலே

பதில்: முடிவை ஆட்டக்காரர்களிடம் விட்டிருக்கிறீர்கள், அதனால் இழுக்கிறது தம்பி. எப்போது முடிய வேண்டும் என்பதைச் சீட்டுக்கட்டு சொல்லட்டும். ஏவரி ஆல்டர் 2013-ல் வெளியிட்ட 'தி குவயட் இயர்' ஆட்டத்தில் சீட்டின் ஒவ்வொரு ஜாதியும் ஒரு பருவம், ஒவ்வொரு சீட்டும் ஒரு வாரம். கடைசிப் பருவத்தில் இஸ்பேட் ராஜா வந்ததும், பேச்சு எந்த நிலையில் இருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

உங்கள் கதைக்கு மொரிஷியஸே ஒரு கடிகாரத்தைக் கொடுத்திருக்கிறது: புயல் எச்சரிக்கை, கிளாஸ் 1 முதல் 4 வரை, ஆபத்து நெருங்க நெருங்க எண் ஏறும். கிளாஸுக்கு 5 என்று 20 சீட்டுகள் செய்யுங்கள். ஐந்தையும் அந்தந்த கிளாஸுக்குள்ளேயே கலைத்து, கிளாஸ் 1 மேலே வரும்படி அடுக்குங்கள். 'விடிந்தது' என்ற சீட்டு கிளாஸ் 4-இன் ஐந்தில் ஒன்றாக இருக்கட்டும். அது 16-ஆவது முறைக்கும் 20-ஆவது முறைக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரும். முறைக்கு மூன்று நிமிடம் என்றால் 48 முதல் 60 நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

கேள்விகளின் காரமும் கிளாஸோடு ஏற வேண்டும். கிளாஸ் 1-இல் மெழுகுவத்தி, தண்ணீர், ஜன்னல் பலகை. கிளாஸ் 3-இல் யாரும் வெளியே போக முடியாது, ஆகவே பழைய கடன், மறைத்த கடிதம். முதல் சீட்டிலேயே கூரை பறந்தால் அப்புறம் எதற்கும் பயம் வராது. புதிதாக ஆட்டம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கிளாஸ் 4-இல் 'புயலின் கண்' என்று ஒரு சீட்டும் வையுங்கள். கண் கடக்கையில் காற்று அடங்கும், பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். அந்தச் சீட்டு வந்தால் முறை இடஞ்சுழியாகத் திரும்பட்டும். ஒவ்வொருவரும் தாம் முன்பு கேட்ட துணைக்கேள்விக்குத் தாமே பதில் சொல்லட்டும். 1960 கரோல் புயலையும் 1975 ஜெர்வேஸ் புயலையும் பார்த்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், சீட்டு எழுதும் முன் அவர்களிடம் கேளுங்கள். நீங்களாக யோசித்தால் வராத சங்கதிகள் கிடைக்கும்.

கேள்வி: ஒரு பகடை, 4-க்கு மேல் விழுந்தால் வெற்றி என்று வைத்தோம். தோற்றால் "நடக்கவில்லை" என்பதோடு கதை நின்றுவிடுகிறது.
– வாசகி, காத்ர் போர்ன்

பதில்: இரண்டு பகடை போட்டுக் கூட்டுங்கள். 10-க்கு மேல் (10 உட்பட) நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 6-க்குக் கீழே (6 உட்பட) புதுச் சிக்கல் முளைக்கும். வின்சென்ட், மெகி பேக்கர் தம்பதி 2010-ல் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' ஆட்டத்தால் பரவிய முறை இது. விழக்கூடிய 36 விதங்களில் முழு வெற்றி 6, விலையோடு 15, சிக்கல் 15. பாத்திரத்தின் திறமைக்காகக் கூட்டுத்தொகையோடு 1 கூட்டினால் 10, 16, 10 என்று மாறும். 2 கூட்டினால் 15, 15, 6. 3-க்கு மேல் கூட்டவிடாதீர்கள், சிக்கலே அபூர்வமாகிவிடும். பகடையை உருட்டும் முன்பே விலை என்ன என்று பேசிவிடுவது நல்லது. விழுந்த பிறகு யோசித்தால் மேசை அடங்கிப்போகும்.

கேள்வி: கதை ஒருவருக்குப் பிடிக்காத பக்கம் போனால்?
– வாசகர், வாக்வா

பதில்: பெருக்கல் குறி போட்ட ஒரு சீட்டை மேசை நடுவில் வையுங்கள். யார் தொட்டாலும் அந்தப் பகுதி கதையிலிருந்து நீங்கும், காரணம் கேட்கக் கூடாது. ஆட்டம் தொடங்குமுன் நடத்துபவரே ஒருமுறை தொட்டுக் காட்டினால்தான் மற்றவர்களுக்குக் கை நீளும்.