மணாலி–லே சாலையில் சைக்கிளில் செல்லும்போது இயற்கை ஆபத்துகளை எப்படி எதிர்கொள்வது?

சிங்கப்பூரில் வாரம் 200 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியிருப்பதாகவும், ஆகஸ்ட்டில் மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் செல்லவிருப்பதாகவும், அந்த இமயமலைச் சாலையில் இயற்கையால் நேரும் ஆபத்துகளுக்கு எப்படித் தயாராவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் இரு நண்பர்களும் அதே சாலையில் சென்று பாதி வழியில் திரும்பியவர்கள். அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

நீங்கள் முதலில் அஞ்ச வேண்டியது உயரத்துக்குத்தான். நம் நாட்டிலேயே உயரமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான். அங்கும் மவுண்ட் ஃபேபரிலும் எத்தனை மாதம் ஏறி இறங்கினாலும் கால் வலுப்பெறுமே தவிர, 5,000 மீட்டர் உயரத்தில், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதி ஆக்சிஜனோடு சமாளிக்க உடல் பழகிவிடாது. சொல்லப்போனால் வலு மிகுந்தவர்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வேகமாக ஏற முடிவதால், உடல் பழகுவதற்கு முன்பே அவர் மேலே போய்விடுகிறார்.

எங்களுடன் வந்த அண்ணன் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. மூவரில் அவரே நன்றாகச் சைக்கிள் ஓட்டுபவர். 4,200 மீட்டரைத் தாண்டிய ஜிங்ஜிங்பாரில் கூடாரத்தில் தங்கிய இரவு தலை வலிக்கிறது என்றார், சாப்பாட்டையும் ஒதுக்கிவிட்டார். விடியற்காலையில் பார்த்தபோது, மேலங்கியின் ஜிப்பைக் கோத்து இழுக்கத் தெரியாமல் இரண்டு முனைகளையும் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கூடாரக் கயிற்றைத் தரையில் நேராகப் போட்டு, “அண்ணே, இது மேல கொஞ்சம் நடந்து காட்டுங்க” என்றேன். ஒரு காலின் குதியை மறுகாலின் விரல்களோடு ஒட்டிவைத்து நான்கு அடிகூட அவரால் எடுத்துவைக்க முடியவில்லை. தலைவலி மட்டும் என்றால் மேலே ஏறாமல் அதே இடத்தில் தங்கிப் பார்க்கலாம். நடை தள்ளாடினால் மூளையில் வீக்கம் ஏற்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். உடனே கீழே இறங்கியாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அதற்கும் முதல் மருந்து இறக்கம்தான்.

பாரலாச்சா கணவாயை நாங்கள் இன்னும் தாண்டியிருக்கவில்லை. அது எங்களுடைய நல்ல காலம். அதைத் தாண்டிச் சர்ச்சுவில் தங்கியபோது இப்படி நேர்ந்திருந்தால், இருபுறமும் கணவாய்கள் இருப்பதால், இறங்குவதற்கே முதலில் ஏற வேண்டியிருந்திருக்கும். ஒரு லாரியில் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு, சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள கேலாங்குக்கு இறங்கினோம். அங்கே மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். மறுநாள் மாலை அவர் தாமாகவே ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆகவே 3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு அதிகமான இடத்தில் அடுத்த இரவு தூங்காதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குங்கள். உயரத்தால் வரும் நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஒத்துவருமா என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மற்ற ஆபத்துகளில் பலவற்றுக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. சாலையைக் குறுக்கே அறுத்து ஓடும் பனியுருகு ஓடைகள் காலையில் கணுக்கால் அளவே இருக்கும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, பிற்பகலில் அதே ஓடை முழங்காலைத் தாண்டிவிடும். நீர் கலங்கி, அடியில் கற்கள் உருண்டு மோதும் ‘டொக், டொக்’ ஓசை கேட்டால் இறங்கவே கூடாது. விடியும்வரை கரையில் காத்திருங்கள். இறங்கக்கூடிய நீர் என்றால் காலணியோடு இறங்கி, சைக்கிளை உங்களுக்கு நீரோட்டத்தின் கீழ்ப்பக்கமாக வைத்துத் தள்ளிச் செல்லுங்கள். மேல்பக்கம் இருந்தால் வெள்ளம் அதை உங்கள் காலிலேயே மோதவிடும்.

இடியும் பெரும்பாலும் பிற்பகலில்தான். இடிக்கு நாம் புதியவர்கள் அல்லர். ஆனால் இங்கே வானம் இருண்டால் வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒதுங்கிவிடுகிறோம், கணவாயின் உச்சியில் ஒதுங்க இடமே கிடையாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிடுங்கள்; முப்பது விநாடிக்குள் கேட்டுவிட்டால் ஏறுவதை விட்டுவிட்டு இறங்குங்கள். விடிந்ததும் புறப்பட்டு, நண்பகலுக்குள் கணவாயைக் கடந்துவிடும்படி ஒவ்வொரு நாளையும் வகுத்துக்கொள்வதே நல்லது.

குளிரை நம்மவர்கள் ஏற்றத்தில் எதிர்பார்க்கிறார்கள். அது தாக்குவது இறக்கத்தில். வியர்த்த சட்டையோடு இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்து, பிரேக் பிடிக்க வராது. உச்சியிலேயே உலர்ந்த உடைக்கு மாறி, காற்றுப் புகாத மேலங்கியும் முழுக் கையுறையும் அணிந்த பிறகே இறங்குங்கள்.

ஆகஸ்ட்டில் மணாலிப் பக்கம் பருவமழைக் காலம். மண்சரிவும் கல் விழுவதும் அங்கேதான் அதிகம். 2022 டிசம்பரில் மலேசியாவில் கெந்திங் அருகே பாத்தாங் காலியில், முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது மண் சரிந்து 31 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். செங்குத்துச் சரிவின் அடியிலும், காய்ந்து கிடக்கும் ஓடைப் படுகையிலும் கூடாரம் அடிக்காதீர்கள்.

விமானச் சீட்டு எடுக்கும்போது, கணக்கிட்டதைவிட நான்கைந்து நாள் கூடுதலாக வைத்து எடுங்கள். எங்களிடம் அந்த நாள்கள் கையில் இருந்ததால்தான், அன்று காலை லாரியை நிறுத்தக் கை காட்டியபோது மூவரில் எவரும் தயங்கவில்லை.